வெட்டிய எர்த் கம்பியும் விழுந்த பாடகியும்

அவைக்குத் தலைமை தாங்கும் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஆயிரம் மண்டபங்களில் விளக்கேற்றி முதிர்ந்த மூத்தவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, ஏணியில் ஏறி இறங்கியே கால் தேய்ந்த என் தோழர்களே, வணக்கம்.

ஒளியாலும் இசையாலும் கல்யாணத்தைக் களைகட்ட வைப்பது எப்படி என்று பேச அழைத்தீர்கள். சொல்கிறேன். மணமக்கள் முகத்தில் மஞ்சள் ஒளி மெல்ல விழ வேண்டும். வந்தவர் பேச்சை அமுக்காமல் பாட்டு ஒலிக்க வேண்டும். பாடம் முடிந்தது. இதற்கு ஒரு கூட்டமா? கூட்டம் வேறொன்றுக்குத் தேவை.

போன மாதக் கல்யாணம். ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல். பெண்ணின் அப்பா வந்தார். "ஏம்ப்பா, நான் கச்சேரி கேட்டேனா, மாவு மில்லு கேட்டேனா?" என்றார். எங்கள் சவுண்டு அண்ணன் என் காதோரம், "எர்த் கம்பிய வெட்டி விடுடா, சத்தம் செத்துரும்" என்றார்.

இரைச்சலின் காரணத்தைத் தேட ஒரு மணி நேரம் ஆகும். வெட்ட ஒரு நொடி. சத்தம் செத்தது. சம்பந்திகள் சிரித்தார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். உங்களில் வெட்டாதவர் யார்? கை தூக்குங்கள். ஐயா, நீங்கள் பூ அலங்காரம், இறக்குங்கள்.

எர்த் கம்பி எதற்கு? கருவி பழுதானால், கசியும் மின்சாரம் மனிதனைத் தொடாமல் மண்ணுக்குப் போக. அந்த வழியை அடைத்தோம். அது மைக் வழியாக வேறு வழி தேடியது. வலக்கையில் மைக்கோடு பாடிக்கொண்டே, இடக்கையால் இரும்பு விளக்குத் தூணைப் பிடித்தார் பாடகியக்கா. விழுந்தார். விளக்குக்கார அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஏதோ நடிப்பு என்று நினைத்து இளஞ்சிவப்பு ஒளியை அவர்மேல் திருப்பினார். புகையும் விட்டார். கூட்டம் கைதட்டியது. எப்படிக் களைகட்டியது பார்த்தீர்களா?

உயிர் தப்பினார். மூன்று விரல்கள் மடங்கவில்லை. கீபோர்டு வாசித்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கை அது. நேற்றுப் பார்க்கப் போனேன். "சாப்பிடாம வந்து மயங்கிட்டேன்னு உங்க சங்கம் விசாரணைக்கு எழுதியிருக்காமே? நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேனேப்பா. விசாரிக்கிறவங்க யாரை நம்புவாங்க?" என்றார்.

மணி அடிக்கிறீர்கள் தலைவரே. அடியுங்கள்.

சொன்னவர் சவுண்டு அண்ணன். வெட்டியவன் யார்? நான். மூன்று வருடம் மின்பொறியியல் படித்த நான். தெரியாமல் அல்ல, தெரிந்தே வெட்டினேன். என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

மயக்கம் என்று நீங்கள் எழுதிய கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி, இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வெட்டியவன் பெயர் முதல் வரியில் இருக்கிறது. சவுண்டு அண்ணே, விளக்குக்கார அண்ணே, நாளைப் பத்து மணிக்கு உங்கள் இருவரையும் கூப்பிடுவார்கள். அங்கே பொய் சொல்லிவிட்டு, அடுத்த கல்யாணத்தில் இன்னொரு பெண் கையில் எந்த முகத்தோடு மைக்கைக் கொடுப்பீர்கள்?

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் மணியடித்த தலைவருக்கும் நன்றி. வணக்கம்.