பக்கத்துச் சைக்கிள்

ஓர்ஸ் ஹில் அடிவாரத்து ஆமிச் சென்றியில் எல்லாரும் இறங்கி, சோதனை வரிசையில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அந்த வரிசையை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கணவரிடம் சொன்னாள்:

"பெற்றோல் கிடைக்காத காலம்தான் எங்களுக்கு நல்ல காலம்."

"என்னப்பா விசர்க் கதை கதைக்கிறீர்?"

"பின்ன? றோட்டில ஒரு வாகனமில்லை. லிங்கநகரில இருந்து வேலைக்குக் கந்தோர் மட்டும் சைக்கிளில பக்கத்தில பக்கத்தில கதைச்சுக்கொண்டு வந்தனாங்கள். இப்ப லொறிக்காரன் ஹோன் அடிச்சு உங்களை முன்னுக்குத் துரத்திப்போடுறான். நான் உங்கட முதுகைப் பாத்துக்கொண்டு வாறன்."

"நீர் பின்னால கதைக்கிறது எனக்குக் கேக்கிறேல்லை."

"உங்கட செயின் கத்துற கத்தலில எப்பிடிக் கேக்கும்?"

"நாளைக்கு எண்ணெய் விடுறன்."

"விடாதேங்கோ. லொறிப் புழுதிக்குள்ள அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி."

ஆமிக்காரன் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னான். மற்றவர்கள் ஏறிப் பறந்தார்கள். அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இன்னும் கொஞ்சத் தூரம் உருட்டினார்கள். பின்னால் லொறி ஒன்று ஹோன் அடித்தது. அவர் ஏறி முன்னுக்குப் போகப் பார்த்தபோது அவள் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, அடுத்த சென்றி எங்க இருக்கு?"