குசினிக்கு வந்த இலையான்

கனிஞ்ச பழம் ஒரு வீட்டுக்குள்ளை கிடந்தால் இலையான் வராமல் இருக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சொல்லுறது சோத்திலை மொய்க்கிற பெரிய இலையான் இல்லை. இது கடுகைப்போலச் சின்னன். கண் சிவப்பு. கையை வீசினால் எழும்பும், கையை எடுத்தால் திரும்பவும் அதே இடத்திலை வந்து குந்தும். பச்சைக் காய்க்கு அது வராது. பழுத்து, இனிப்பு ஏறி, கொஞ்சம் புளிக்கத் துவங்கினால்தான் வரும். என்ரை மனுசன் எப்பிடிச் செத்தவர் எண்டு நீங்கள் கேட்டியள். அந்தக் கதை இந்த இலையானிலை இருந்துதான் துவங்குது.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. கண்ணாடிக் கிளாஸ் வெளியாக்களுக்கெண்டு வேறையாக வைச்சிருக்கிறது. நல்லாக் கழுவித்தான் தந்தனான்.

எங்கடை வீட்டிலை வேலைக்கு நிண்ட இராக்கம்மாவை நீங்கள் பதுளையிலை அடைச்சு வைச்சிருக்கிறியள். அவளை விடுங்கோ. அவள் ஒண்டும் கலக்கேல்லை. கலந்தது நான். அதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினனான். ஒரேயொரு விசயத்திலை மட்டும் நீங்கள் எனக்கு உதவி செய்ய வேணும். அதைக் கடைசியிலை சொல்லுறன்.

நான் சுன்னாகத்துப் பிள்ளை. கலியாணம் முடிச்சு, பெரிய கிளாக்கர் பெண்சாதியாகப் பசறைப் பக்கத்து இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலை இருந்து என்ரை குசினியிலை ஒரு ஒழுங்கு இருந்தது. இவர் குடிக்கிறது அப்பா சீதனத்தோடை தந்த வெள்ளி மூக்குப்பேணியிலை. நான் குடிக்கிறது பித்தளைப் பேணியிலை. தோட்டத்துக் கூலியாக்களின்ரை லயத்திலை இருந்து வேலைக்கு வாற ஆக்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. அது பின்கதவுக்கு வெளியிலை ஆணியிலை தொங்கும். இராக்கம்மா அதை எடுத்து நீட்டுவாள், நான் உயரத்திலை பிடிச்சு ஊத்துவன். அவளும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "ஊத்துங்கம்மா" எண்டு சிரிச்சுக்கொண்டுதான் நிப்பாள். சிரட்டை அவையளுக்கு. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சிரட்டையிலை குடிக்கிறேல்லை.

இவருக்குச் சலரோகம். பதுளை டொக்டர் இனிப்பைக் கண்ணாலையும் பாக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார். அண்டைக்கே சீனியை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகினன். பழம் வாங்கிறதை விட்டிட்டன். அவருக்கு இனிப்பெண்டால் உயிர், ஐயா. கலியாண வீட்டிலை பலகாரத் தட்டுக்கு முன்னாலை குழந்தைப்பிள்ளை மாதிரி நிப்பார். நான் கண்ணைக் காட்டினால் பேசாமல் விலகி வருவார். கந்தோர் வேலை முடிஞ்சு வந்தவுடனை கிட்டப்போய் வாய் மணந்து பாப்பன். அப்பிடி ஒரு மனுசனைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தனான். தோட்டத்திலை யாரையும் கேட்டுப் பாருங்கோ.

பழமே இல்லாத வீட்டிலை இந்த இலையான் வந்தால் எப்பிடி இருக்கும் சொல்லுங்கோ. எனக்கு விசர் பிடிக்காத குறை. குசினியை உப்புத் தண்ணி விட்டுக் கழுவினன். ஊரிலை இருந்து வந்த காய்ஞ்ச வேப்பமிலையைப் போட்டுப் புகைச்சன். எல்லாச் சட்டிக்கும் துணி கட்டினன். ஒண்டுக்கும் அசையேல்லை. என்ரை கரைச்சலைப் பாத்திட்டு இவர்தான் தோட்டத்து ஸ்டோரிலை இருந்து புல்லுச் சாகிறதுக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் போத்திலிலை கொண்டுவந்தார்.

"கருப்பட்டித் தண்ணியிலை கலந்து வையப்பா, இலையான் விழும்," எண்டார். "கையைக் கழுவிப்போடு. பொல்லாத சாமான்."

இலையான் விழுந்தது. பிடி பிடியாக அள்ளிக் கொட்டினன். ஆனால் செத்தது சாக, புதுசு வந்துகொண்டே இருந்தது. அப்பதான் விளங்கிச்சுது, இலையானைக் கொண்டு பிரயோசனம் இல்லை, அது பிறக்கிற இடத்தைப் பிடிக்க வேணும் எண்டு.

ஒருநாள் விடிய இவர் ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போன பிறகு, அடுப்படியிலை அடுக்கியிருந்த விறகை ஒவ்வொண்டாக இழுத்துப் போட்டன். கடைசி வரிசைக்குப் பின்னாலை ஒரு சாக்குத் துண்டு. அதுக்குள்ளை சூப்பிப் போட்ட மாங்கொட்டை, கடிச்ச கொய்யாப்பழம், கறுத்துப்போன வாழைப்பழத் தோல். விரிச்ச உடனை இலையான் புகை மாதிரி எழும்பி என்ரை முகத்திலை அடிச்சுது.

விறகிலை கை வைக்கிறவள் இராக்கம்மா ஒருத்திதான். கூப்பிட்டுக் கேட்டன். அவள் சாக்கைப் பாத்தாள், பிறகு நிலத்தைப் பாத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா," எண்டாள். சொல்லிக்கொண்டு சீலைத் தலைப்பை வயித்துக்கு மேலை இழுத்து விட்டாள்.

எனக்கு அது போதும். ஒரு குமர்ப்பிள்ளை வாய்க்கு ருசி தேடி ஒளிச்சு வைச்சுத் தின்னுறாள் எண்டால் அதுக்கு ஒரு காரணந்தான் இருக்கு. அந்தக் கிழமை முழுக்க அவள் சோத்தைக் கண்டால் முகத்தைச் சுளிச்சவள். இவரும் கொஞ்ச நாளாகத் தண்ணி குடிக்கிற சாட்டிலை பின்பக்கம் போய் வாறார். ஒருக்கால் ரெண்டுபேரும் குசுகுசுத்துச் சிரிச்சதையும் கேட்டனான். எனக்குப் பிள்ளை இல்லை, ஐயா. நேராத கோயில் இல்லை. கதிர்காமத்துக்கும் நடந்து போய் வந்தனான். ஒரு லயத்துப் பெட்டையின்ரை வயித்திலை இவரின்ரை பிள்ளை எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது.

இவரிட்டைக் கேட்டிருக்கலாமே எண்டு நீங்கள் நினைக்கலாம். கேட்டால் ஏதும் சொல்லியிருப்பார். அவர் சொல்லுறதைக் கேக்கிற நிலையிலை நான் இருக்கேல்லை. அடுத்த நாள் சாக்கை எரிச்சன், விறகைத் திருப்பி அடுக்கினன், வழக்கம்போலத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சன்.

கவனமாகத்தான் செய்தனான். கேத்திலுக்குள்ளை ஒண்டும் போடேல்லை. பேணியளைத் தொடேல்லை. கித்துள் கருப்பட்டியைப் பாணியாகக் காய்ச்சி, மருந்தை அதுக்குள்ளை விட்டுக் குழைச்சு, சிரட்டையின்ரை உள்ளடியிலை மட்டும் பூசினன். அவளைத் தவிர வேறை ஒரு வாயும் அந்தச் சிரட்டையிலை படாது. கையைக் கழுவிப்போட்டு அவளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊத்தினன்.

அவள் மணந்து பாத்தாள். "என்னங்கம்மா, இன்னிக்கு இனிப்பு வாசம் வருது?"

"கருப்பட்டி விட்டிருக்கு. குடி பிள்ளை," எண்டன். அவளைப் பிள்ளை எண்டு கூப்பிட்டது அதுதான் முதல்தரம். அவளின்ரை முகம் மலர்ந்துபோச்சுது. ரெண்டு கையாலையும் சிரட்டையைப் பிடிச்சுக்கொண்டு பின்படிக்குப் போனாள். நான் சாமியறைக்குள்ளை போய்க் கனநேரம் தேவாரம் படிச்சன்.

படிச்சு முடியேல்லை, சத்தம் கேட்டுது. "அம்மா, ஐயா விழுந்துட்டாங்க, ஓடியாங்க."

இவர் எப்ப கந்தோராலை வந்தவரெண்டு எனக்குத் தெரியாது. பின்படியிலை சரிஞ்சு கிடந்தார். கண் என்னைத்தான் பாத்துது. கையிலை சிரட்டை. மீசையிலை கருப்பட்டிப் பாணி ஒட்டியிருந்தது.

நான் முதலிலை சிரட்டையை வாங்கினன். விரலை இறுக்கி வைச்சிருந்தார், ஒவ்வொண்டாக விரிக்க வேண்டியிருந்தது. அதை அடுப்புக்குள்ளை போட்டு, நல்லாப் பத்துமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு மீசையைத் துடைச்சன். பிறகு வெள்ளிப் பேணியை எடுத்து, கேத்திலிலை மிஞ்சின தேத்தண்ணியை விட்டு, அவரின்ரை கைக்குப் பக்கத்திலை சரிச்சு வைச்சன். நீங்கள் வந்து எடுத்தது அந்தப் பேணிதான். அதுக்குப் பிறகுதான் தோட்டத்து ஆசுப்பத்திரி மருந்துக்காரரைக் கூட்டிவரச் சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்பினன். அவள் அழுதுகொண்டு ஓடினாள்.

கொஞ்சம் முந்தி ஆள் விட்டிருந்தால் காப்பாத்தியிருக்கலாம் எண்டு மருந்துக்காரர் சொன்னவராம். இருக்கலாம். முந்திக் கூப்பிட்டிருந்தால் சிரட்டையோடை எல்லோ அவரைக் கண்டிருப்பினம்.

அவள் உங்களுக்குச் சொன்னதை நீங்கள் எனக்கு வாசிச்சுக் காட்டினியள். "ஐயா பாவமுங்க. அம்மா ஒரு பழங்கூடக் குடுக்க மாட்டாங்க. நான்தான் லயத்துல இருந்து கொண்டாந்து ஒளிச்சு வச்சுக் குடுப்பேன். சொல்லிடாத புள்ளன்னாரு, அதான் அம்மாகிட்ட தெரியாதுன்னேன். அன்னிக்கு இனிப்புத் தேத்தண்ணின்னதும் எனக்குக் குடிக்க மனசு வரல, ஐயாவுக்குக் குடுத்தேன்." பதுளை ஆசுப்பத்திரியிலை பாத்ததிலை அவளுக்கு வயித்திலை ஒண்டும் இல்லை, வெறும் காய்ச்சல் எண்டும் சொன்னியள். மசக்கைக்காரி தேடுறது புளி மாங்காயை எல்லோ, சாக்குக்குள்ளை கிடந்தது பழுத்த மாங்கொட்டையாச்சே எண்டு கேட்டியள். நியாயமான கேள்விதான். பச்சைக் காய்க்கு இந்த இலையான் வராதெண்டு எனக்குத் தெரியாததில்லை. அந்த நேரம் அதை யோசிக்கேல்லை.

இனி நான் கேக்கிற உதவி. வழக்கெண்டு வந்தால் அவள் கூண்டிலை ஏறி, பதுளைச் சனமெல்லாம் கேக்க, பெரிய கிளாக்கர் தன்ரை சிரட்டையை வாங்கிக் குடிச்சவரெண்டு சொல்லுவாள். நாலு நாளிலை அது சுன்னாகத்துக்குப் போயிடும். இவரின்ரை தங்கச்சிக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை. அதாலை நீங்கள் இப்பிடி எழுதுங்கோ. நான் என்ரை புருசனைக் கொல்ல வேணுமெண்டு நினைச்சு, என்ரை கையாலை, அவரின்ரை வெள்ளிப் பேணியிலை மருந்து கலந்து குடுத்தனான். அவளுக்கு ஒண்டும் தெரியாது. அடியிலை நான் கையெழுத்து வைக்கிறன். தூக்கெண்டாலும் சரி. புருசனைக் கொன்றவளெண்டு ஊர் சொன்னால் தாங்கிக்கொள்ளுவன்.

பேனையை ஏன் கீழை வைக்கிறியள்? சிரட்டை எண்ட சொல்லு மட்டும் வேண்டாமெண்டுதானே கேக்கிறன். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சிரட்டையிலை குடிக்கிறேல்லை, ஐயா.