நெஞ்சைக் கவனிக்கும் கருவி

குன்னூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஜெகதளா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரித் தொழிலாளியும் அவர் மனைவியும்.

"தூள் காய வெக்கிற டிரையர் மாதிரித்தான் அம்மணி என் நெஞ்சும்" என்றார் அவர்.

"ஏனுங்க, டாக்டர் பேஸ்மேக்கர் வெக்கோணும்னதுக்கு, மிஷின் துடிச்சு நான் பொழைக்கோணுமான்னு சண்டை போட்டீங்களே?"

"அது சும்மா துடிக்காதாமா. நெஞ்சைக் கவனிச்சுட்டே இருக்குமாம். ஒரு துடிப்பு தப்புனாத்தான் தட்டிக் குடுக்குமாம். சூடு குறைஞ்சா டிரையர் தானா ஏத்திக்குதில்ல, அதே கணக்கு. நம்ம ஒடம்பும் குளுந்தா நடுங்குது, சூடானா வேர்க்குது. சாமி செஞ்சதைப் பாத்துத்தான் மனுசன் செஞ்சிருக்கான்."

நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

"டிரையருக்குச் சூட்டைக் கவனிக்கற அந்தக் கருவி வந்தப்ப, நம்பாம நீங்களே திருகித் திருகித் தூளைக் கருக்குனீங்க. இதையும் திருகிப்போடாதீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திங்கக்கிழமையே ஆஸ்பத்திரில சேந்துக்கறேன். நான் தூங்குனாலும் அது முழிச்சிருக்கும் அம்மணி."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இனி நானும் தூங்கலாமுங்க. இத்தன நாளா, துடிக்குதான்னு உங்க நெஞ்சுல கை வெச்சுப் பாத்துட்டே கெடந்தேன்."