முன்னாடியே இழுத்த மூச்சு

நெட்டை: ஊமைக்கோட்டான்னு வகுப்பே பேரு வெச்சிருக்கு, நீ என்னடான்னா தியேட்டர்ல உக்காந்து அழற. காமெடிப் படம் இது.

கோட்டான்: அழல. தூசி.

நெட்டை: பட்டிக்காட்டுப் பொண்ணு காலேஜுக்கு வர்றா, பின்னாடியே அவ ஆடும் வருது, வாட்ச்மேன் மரத்துல ஏறிட்டாரு. இதுல எங்க தூசி?

கோட்டான்: எவ்வளவு பெருசா இருக்கு பாரேன்... அவ ஒரு கண்ணு நம்ம வகுப்புக் கதவு அளவு.

நெட்டை: அதை விடு, அவ குரலு... மேல, கீழ, பின்னாடின்னு எல்லாப் பக்கமும். எனக்கு உடம்பே சிலிர்க்குது. ஒருத்தன்கூட போனைத் தொடல, பாத்தியா?

கோட்டான்: ம்... இப்படிக் கேக்கும்னு நெனைக்கவே இல்ல.

நெட்டை: எப்படி?

கோட்டான்: ஒண்ணுமில்ல.

நெட்டை: நாளைக்கு உன் செமினாரு.

கோட்டான்: நான் இருக்க மாட்டேன். காலைல பஸ் ஏறுறேன்.

நெட்டை: லீவா?

கோட்டான்: மொத்தமா. முதல் நாள் வாயைத் திறந்தேன், எங்க ஊர்ப் பேச்சைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. இன்னொரு தடவை என்னால ஆகாது. போறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாத்துடலாம்னுதான் நீ கூப்பிட்டதும் வந்தேன்.

நெட்டை: அதே பேச்சுக்குத்தான் இங்க கை தட்டுறாங்க.

கோட்டான்: இது சினிமா.

நெட்டை: ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. அவ பேசுறதுக்கு முன்னாடி நீ எதுக்கு மூச்சை இழுக்குற?

கோட்டான்: ...இல்லையே.

நெட்டை: இப்பக்கூட இழுத்த. அவ வாயே திறக்கல. ஹீரோ பேசும்போது மட்டும் சும்மா இருக்குற.

கோட்டான்: ...யார்கிட்டயும் சொல்லிடாத.

நெட்டை: சொல்லு.

கோட்டான்: எங்க ஊர்லதான் படம் எடுத்தாங்க. அந்த நடிகைக்கு எங்க பேச்சு வரல. அவளுக்குக் குரல் குடுக்க ஊர்ப் பொண்ணு வேணும்னு என்னை ஒரு சின்ன ரூம்ல மைக் முன்னாடி நிறுத்தி, அவ வாயசைக்கிறதுக்கு முன்னாடியே மூச்சை எடுத்துக்கோன்னு திட்டித் திட்டிப் பழக்குனாங்க. அது இன்னும் போகல. அங்க கீச்சுக் கீச்சுன்னுதான் கேட்டுச்சு. இங்க... சுவரெல்லாம் பேசுது. நான்தானான்னு எனக்கே நம்ப முடியல.

நெட்டை: எனக்குத் தெரியும்.

கோட்டான்: எப்படி?

நெட்டை: முதல் நாள் நீ பேசினது ஒரே வரி. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரல. அப்புறம் நீ வாயே திறக்கல. இந்தப் படம் வந்துச்சு, பாத்தா அதே குரல். அதைக் கேக்கணும்னே தினம் சாயங்காலம் இங்க வந்து உக்காருறேன். டிக்கெட் கிழிக்கிறவரு என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாரு.

கோட்டான்: ...லூசு. நாளைக்கு டிக்கெட் எடுக்காத.

நெட்டை: ஏன்?

கோட்டான்: வகுப்புக்கு வா, அங்க பேசுறேன். நான் மூச்சு இழுக்கும்போது மட்டும் சிரிச்சுடாத.