ஓட்டு மேல ஓலை

ரோடும் கரண்டும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். அப்போ நெடுங்கூரணியில இருக்கப்பட்டவன் வீடும் ஓலைதான், இல்லாதவன் வீடும் ஓலைதான். அது மணியக்காரருக்குப் பிடிக்கலையாம். ஊரே அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. கோடையில வத்தாத ஒரே கெணறும் அவர் கொல்லையிலதான். தன் வீடு தனியாத் தெரியணும்னு ஓலையைப் பிரிச்சு எறிஞ்சிட்டு ஓடு போட்டாராம். சுத்துப்பட்டுல அதுதான் மொத ஓட்டு வீடாம். வண்டியில போறவங்க நிறுத்திப் பாத்துட்டுப் போவாங்களாம்.

மழைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கத்திரி வெயில் வந்துச்சு பாருங்க, வீடு சூளையாயிருச்சு. மணியக்காரரைப் பெத்தவ தாம்பாளத் தண்ணியில காலை விட்டுக்கிட்டு, "ஏன்டா, என்னைய வேக வைக்கத்தான் இந்த வீட்டைக் கட்டுனியா"ன்னு கேட்டாளாம்.

அப்பத்தான் கீழத்தெரு சீனியாயிக்கு ஆள் போச்சு. புருஷன் செத்து மூணு வருஷம். செல்லின்னு ஒரே மக. அந்தப் புள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு. ஊரணி வெடிச்சுக் கெடக்கு. கீழத்தெரு ஆளுங்க மணியக்காரர் கெணத்துல கயிறு போடக் கூடாது. புள்ள நாக்கை நனைக்க வீட்டுல ஒரு செம்புத் தண்ணி இல்ல.

"தெனம் உச்சியில நாப்பது குடம் ஓட்டு மேல ஊத்தணும். கமலை ஓட்டுற மூக்கன் எறைப்பான். நீ சுமந்து ஏறணும்"னாரு மணியக்காரர்.

அவ தொட்டா மட்டும் தீட்டு இல்லையான்னு கேப்பீங்க. குடிக்கிற தண்ணிக்குத்தான் தீட்டாம். ஓட்டுக்கு ஊத்துற தண்ணிக்குத் தீட்டு இல்லையாம். அப்படி வசதியா வச்சிருந்தாங்க.

சீனியாயி ஓட்டை அண்ணாந்து பாத்தாளாம். "சாமி, தண்ணியே வேண்டாம். நாலு பனையில ஓலை வெட்டி ஓட்டு மேல பரப்பிருங்க, வீடு குளுந்துரும். அந்த நாப்பது குடத்தை எங்க தெருவுக்கு விடுங்க"ன்னாளாம்.

"ஓட்டு மேல ஓலையா? ஓடு போட்டவன் திரும்பி ஓலைக்கே வந்துட்டான்னு ஊர் சிரிக்கவா? சொன்னதைச் செய்யிடி."

"கூலி சாமி?"

"விளிம்புல வடியிறதைப் பிடிச்சுக்கோ."

சரின்னுட்டா. ஏறினா, ஊத்தினா, எறங்கினா. ஏறினா, ஊத்தினா, எறங்கினா. முகட்டுல ஊத்துற தண்ணிய ஓடு உஸ்ஸுனு குடிச்சிரும். நாப்பது குடம் ஊத்தி, விளிம்புல வடிஞ்சது அரைக்குடம். அதுவும் செம்மண் கலர்ல, வெதுவெதுன்னு. அதைத்தான் தெளிய வச்சுப் புள்ளைக்குக் குடுத்தாளாம்.

மூணாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை. முகட்டுல ஊத்தினாத்தானே ஓடு குடிக்குது? விளிம்போரமா ஊத்தினா? பத்துக் குடத்தை மேல ஊத்தினா, முப்பதை விளிம்புல சாச்சா. சலசலன்னு நேராக் கீழ வரிசையா வச்ச பானைங்கள்ல விழுந்துச்சு. அன்னைக்குக் கீழத்தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் உலை கொதிச்சுச்சாம். செல்லி வயிறு முட்டக் குடிச்சாளாம்.

திருட்டுத்தான். நான் இல்லைங்கல. ஆனா யார் யார்கிட்டத் திருடினதுன்னு நீங்களே சொல்லுங்க.

"நாப்பது குடம் ஊத்தியும் வீடு ஏன் கொதிக்குது?" வெளிய வந்து பாத்த மணியக்காரருக்கு விளங்கிருச்சு. திட்டல, அடிக்கல. மறுநாள் விளிம்புக்கு நேராக் கீழ வாய்க்கா வெட்டி மாட்டுத் தொட்டிக்கு விட்டுட்டாரு.

"சாமி, அது என் கூலி."

"கூலி மாட்டுக்குப் போகுது. போய் ஊத்து."

முப்பத்தொம்பது குடம் ஊத்திட்டு மறுபடி வந்து கேட்டா. "புள்ளைக்கு அம்மை, சாமி. ஒரு குடமாவது."

"முப்பத்தொம்பது ஊத்தியாச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு, ஏறு."

ஏறினா. முகட்டுல நின்னா. கீழ மாடு தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. உள்ள மணியக்காரர் கட்டில்ல சாஞ்ச சத்தமும் கேட்டுச்சு. சீனியாயி குனிஞ்சு ஒரு ஓட்டை உருவினாளாம். நாப்பதாவது குடத்தை அந்தச் சந்து வழியா அவர் நெஞ்சு மேலயே கவுத்தினாளாம்.

"இப்பக் குளுந்துச்சா சாமி?"

அவர் சொட்டச் சொட்ட வெளிய வந்தாரு. ஏணியை எடுத்துத் தூரப் போட்டாரு. "எறங்கு பாப்போம்." குதிச்சா காலை ஒடிக்கச் சொல்லி ரெண்டு ஆளைக் கம்போட நிப்பாட்டினாரு.

உச்சி வெயில். ஈரம் நிமிஷத்துல காஞ்சிருச்சு. ஒரு காலைத் தூக்கி மறு காலை வச்சா. மறு காலைத் தூக்கி இந்தக் காலை வச்சா. முந்தானையைக் கிழிச்சு மிதிச்சா. "ஏணியப் போடுங்கய்யா"ன்னு மூணு தடவை கத்தினாளாம். மேலத்தெரு வேடிக்கை பாத்துச்சு. கீழத்தெரு பயந்துக்கிட்டுப் பாத்துச்சு. மூக்கன் கமலைக் கயித்தைப் பிடிச்சபடியே நின்னான். எல்லாரும் நின்னாங்க. ஒருத்தரும் நகரல.

பொழுது சாஞ்ச பின்னாடி மூக்கன் ஏணி வச்சு ஏறினான். முகட்டுல சாஞ்சு உக்காந்திருந்தா. உசுரு இல்ல. ஓடு அப்பவும் சுட்டுச்சாம்.

பொணத்தைக் குளிப்பாட்ட மணியக்காரர் வீட்டுல இருந்து ரெண்டு குடம் தண்ணி வந்துச்சு. அதுல ஒண்ணைச் செல்லிக்குத்தான் எடுத்து வச்சாங்க. புள்ள பொழைச்சுக்கிச்சு.

எட்டாம் நாள் உச்சியில ஓடு கடகடன்னுச்சாம். "மேல அவதான்டா நிக்கிறா. சூடு பொறுக்காம காலை மாத்தி மாத்தி வைக்கிறா"ன்னு அழுதாளாம் மணியக்காரரைப் பெத்தவ. குறி சொல்ற கோடாங்கியைக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் உடுக்கை அடிச்சுட்டு, "அவ காலுக்கு ஓலை பரப்பு"ன்னான்.

"ஓட்டு மேல ஓலையா?"

"பரப்புடா"ன்னா பெத்த ஆத்தா.

பரப்பினாங்க. சத்தம் நின்னுச்சு, வீடும் குளுந்துச்சு. அவ மனசு குளுந்துருச்சுன்னு ஊர் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. ஓலை பரப்பினா வீடு குளுராம என்ன செய்யும்? அவ அதைத்தானே மொத நாளே சொன்னா.

அதுல இருந்துதான் இந்த ஊர்ல கத்திரி பொறக்குற அன்னைக்கு மேலத்தெரு மாடி வீடு அத்தனையிலயும் பச்சைப் பனையோலை பரப்புறது. அதுக்குப் பேரே சீனியாயி ஓலை. "அவளுக்குக் காலு சுடக் கூடாது"ம்பாங்க. வெட்டி வந்து பரப்புறது இன்னைக்கும் கீழத்தெரு ஆளுங்கதான், செல்லி வழியில வந்தவங்க. அவங்க வீடெல்லாம் தகரம். அது மேல ஓலை கெடையாது. ஏன்னு கேட்டா, "அவ எங்க கூரையில நிக்கலையே"ம்பாங்க.

அன்னைக்கு அவங்க அடுத்தவன் ஏணியைத் தொட மாட்டாங்க. தங்களோட ஏணியைத் தூக்கிட்டு வருவாங்க. மாடிப்படி இருந்தாலும் அதுல ஏற மாட்டாங்க. ஏணியில ஏறுவாங்க. கடைசி ஆள் ஏறினதும் ஏணியையும் மேல இழுத்துக்குவாங்க.