பக்கத்து வயலின் வெட்டுக்கிளி

கார்த்திகை முதல் திங்கள்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண்ணும் அவள் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டாரன்டுலா சிலந்தி.

“எட்டுக்கால் பூச்சிக்கு எந்த டாக்டரு ஊசி போடுவாருக்கா?”

“சிதம்பரத்துல இத வளக்குறவரு ஒருத்தரு இருக்காராம். கேட்டுப் பாப்போம், வாடா.”

“பாண்டிச்சேரி கடையில வளத்து விக்கிற பூச்சியத்தானே மாமா போடுவாரு?”

“மழையில போவ முடியல. நம்ம வரப்புல வெட்டுக்கிளி புடிச்சிப் போட்டேன்.”

“எட்டுக்கால் பூச்சி மாசக்கணக்குல சாப்புடாமயே கெடக்கும்க்கா. மாமா சொல்லுவாரே.”

“பட்டினியா பாக்க மனசு கேக்கல.”

“நம்ம வயல்லதான் மருந்து அடிக்கலையே?”

“பக்கத்து வயல்ல அடிச்சிருக்காங்க. எனக்குத் தெரியாது. வெட்டுக்கிளிக்கு வரப்பு தெரியுமா?”

“மல்லாக்க கெடந்தா தோல் உரிக்குதுன்னு அர்த்தமாம்.”

“மல்லாக்க கெடக்கலடா. உக்காந்த வாக்குலயே எட்டுக் காலையும் உள்ள மடக்கிக்கிச்சி. சாவப் போறப்பதான் அப்புடி மடக்குமாம்.”

பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியது. பிறகு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்.

“போனா போவுது, விடுக்கா. உனக்குத்தான் இத்தக் கண்டாலே ஆவாதே. தூக்கிக் கடாசுங்கன்னு மாமாகிட்ட எத்தினி சண்டை போட்டிருப்ப!”

“அப்ப அவரு உசுரோட இருந்தாருடா.”

தம்பி டப்பாவைத் தான் வைத்துக்கொள்வதாகக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. முந்தானையை இழுத்து, வெயில் படாமல் டப்பாவின் மேல் மூடிக்கொண்டாள்.