சாப்பிட ஒரு இடம்

— இதுவும் வேணாம்டா தம்பி. உள்ள நிக்கவே இடமில்ல.

— அக்காவ், இது நாலாவது கடை. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து நீ வேணாம்னு தள்ளுன கடையை எல்லாம் சேர்த்தா ஒரு தெருவே காலியாயிடும்.

— கூட்டத்துல உனக்கு மூச்சு வாங்கும். அதான்.

— தெரியாத ஊர்ல கூட்டத்தை வெச்சுத்தானே நல்ல கடைன்னு கண்டுபிடிக்கணும்? சரி, உனக்கு என்ன சாப்பிடணும்போல இருக்கு? அதைச் சொல்லு, தேடுவோம். பஸ் நாலு மணிக்குத்தான்.

— எனக்கு என்னடா, எதுவா இருந்தாலும் சரி. உனக்கு ஒத்துக்கறதைப் பாரு.

— எனக்கு ஒத்துக்கறது இந்த ஊர்லயே கிடையாது. உப்பு கூடாது, பருப்பு கூடாது, பழம் கூடாது, தண்ணியை அளந்து குடிக்கணும். டயாலிசிஸ்காரனுக்குன்னு ஒருத்தன் ஓட்டல் வெச்சா, மேசையில வெறும் தட்டைத்தான் வைக்கணும்.

— சிரிக்காதடா.

— நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கறதுக்கு நான் சிரிக்கறது தேவலாம். அந்தப் பச்சை போர்டு கடை?

— மாடி ஏறணும். இருபது படி இருக்கும்.

— நின்னு நின்னு ஏறுனாப் போச்சு. வேணாமா? சரி, அடுத்தது... ஐயோ, அது நானே வேணாம்பேன். வாசல் டைல்ஸைப் பாரு.

— அதுல என்ன?

— வாட்டம் தப்பு. கழுவுற தண்ணி வெளிய ஓடாம உள்ளயே தேங்குது பாரு. மூலைக்கெல்லாம் துண்டு துண்டா வெட்டி ஒட்டியிருக்கான். பதினெட்டு வருஷம் தரை போட்டவன் சொல்றேன்க்கா, தரையை இப்படி விட்டவன் சமையக்கட்டை என்ன லட்சணத்துல வெச்சிருப்பான்?

— இன்னும் வேலை நெனப்பு போகல உனக்கு.

— முட்டி போட முடியல, அவ்வளவுதான். கண்ணு இருக்குல்ல.

— வெயில்ல நிக்காத, இப்படி நிழலுக்கு வா. அந்த ஃபைலைக் குடு, நான் வெச்சுக்கறேன்.

— இதுல என்ன கனம்? ஒரு மாசமா உன் ரத்தம், என் ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரேன்னு ஓடி ஓடி எடுத்து, கடைசியில ஒரே ஒரு வரி. 'சகோதரி கிட்னி கொடுக்க ஏற்றவர் இல்லை.' முடிஞ்சது கதை.

— சரி விடுடா.

— உன்னைக் குத்தம் சொல்லல. நீ என்ன பண்ணுவ? கம்பெனியில லீவு கேட்டு, சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கி, அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல தூங்காம வந்து ரத்தம் குடுத்த. கூடப் பொறந்ததுக்கு இதுக்கு மேல யாரு செய்வா?

— போதும்டா. அதோ அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போகலாம் வா.

— ஈ ஓட்டிட்டிருக்கானேக்கா. ஒரு ஆள் இல்ல.

— இல்லாமப் போகட்டும். எனக்கு எங்கயாவது உக்காரணும்.

— வாங்க, வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. சாப்பாடு இருக்கு, பொரிச்ச மீன் இருக்கு, சூப் கொதிக்கக் கொதிக்க இருக்கு. என்ன கொண்டு வரட்டும்?

— அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே, யோசிச்சு சொல்றோம்.

— மெதுவா சொல்லுங்க. ஆஸ்பத்திரியில இருந்தா? ஃபைலைப் பாத்ததும் நெனச்சேன்.

— சூப் வேணாம்டா, அது முழுக்க உப்பு. மீனும் வேணாம். வெறும் சோறு மட்டும் கேக்கலாமா?

— நான் மீன்தான் சாப்பிடப்போறேன். ரெண்டு துண்டு. சூப்பும் ஒரு கிண்ணம் நெறைய.

— பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளன்னைக்குத்தான் உனக்கு மெஷின். அதுக்குள்ள உடம்புல தண்ணி ஏறிப்போச்சுன்னா?

— நாளன்னைக்கு நான் போகலக்கா.

— என்னது?

— நிறுத்திடலாம்னு இருக்கேன். நம்மூர் ஆஸ்பத்திரியில வாரத்துல மூணு நாளு, ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். மூணு வருஷமாச்சு. கையைப் பாரு, ஊசி குத்த இடமில்ல. நீ குடுப்பேங்கற ஒரு பிடியிலதான் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். அம்மாவுக்கு வயசாச்சு, என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை, கிட்னிக்குக் காத்திருக்கற லிஸ்ட்ல எனக்கு முன்னால முந்நூறு பேர். மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான். பொருந்தலன்னா யாரை நோகறது?

— அப்படிப் பேசாதடா. பாப்பாவை நெனச்சுப் பாரு.

— அவளை நெனச்சுத்தான் சொல்றேன். அப்பா என்ன வேலை பாக்கறாருன்னு டீச்சர் கேட்டாங்களாம். 'அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறாரு'ன்னு சொல்லியிருக்கா. ஏழு வயசுப் பிள்ளைக்கு அதுதான் என் தொழில்.

— உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டியா?

— நீ பாத்ரூம் போனப்ப ஃபோன் பண்ணிச் சொன்னேன். அழுதா. அழுதுட்டு, 'அண்ணி மனசு ஒடிஞ்சு போயிருப்பாங்க, முதல்ல அவங்களை ஒரு நல்ல இடமாப் பாத்துச் சாப்பிட வைங்க'ன்னா. அதான் இத்தனை கடை ஏறி இறங்கறேன். அண்ணே, இங்க ஒரு நிமிஷம்...

— கூப்பிடாத. எனக்குச் சாப்பாடு வேணாம். பொருந்துச்சுடா.

— என்ன?

— ரத்தம், ஸ்கேன், எல்லாமே பொருந்துச்சு. நான்தான் மாட்டேன்னு சொன்னேன்.

— கூப்பிட்டீங்களா? மீன் இப்பத்தான் சட்டியில இருந்து எடுத்தது.

— அப்புறம் வாங்கண்ணே. அப்புறம்... அக்கா, இதுல ஏத்தவங்க இல்லன்னு போட்டிருக்கானே.

— அப்படித்தான் எழுதுவாங்களாம். குடுக்கறவங்க பின்வாங்கினா அதை வெளிய சொல்ல மாட்டாங்களாம். காலையில உன்னை வெளிய உக்கார வெச்சுட்டு, அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க, 'இது உங்க விருப்பமா'ன்னு. ஆமான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டு என் முகத்தையே பாத்துட்டிருந்தாங்க. இல்லைங்கன்னு வந்துடுச்சு.

— பயந்துட்டியா?

— பயம் இல்லாமலா? எட்டு மணி நேரம் நின்னபடி துணி செக் பண்றேன், நிக்க முடியலன்னா அன்னைக்கே வேலை போயிடும். ஆனா அதுக்காகச் சொல்லலடா. அம்மா எல்லாருக்கும் ஃபோன் போட்டு, என் மக தம்பிக்குக் குடுக்கப்போறான்னு சொல்லிட்டா. நல்ல மனசும்மா உனக்குன்னு சித்தி பேசறப்பதான் எனக்கே விஷயம் தெரியும். எட்டாவதோட படிப்பை நிறுத்துனதும் அப்படித்தான், கல்யாணமும் அப்படித்தான். உனக்குச் சம்மதமான்னு என்னை ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு தடவை போய் இல்லைன்னு சொல்லிட்டேனே, நான் மனுஷியா?

— இந்தா, முதல்ல தண்ணியைக் குடி.

— தண்ணி எதுக்குடா? திட்டு. நாலு பேர் பாக்க அடி. இல்ல, எந்திரி, திரும்பப் போகலாம். மூணு மணி வரைக்கும் அந்தம்மா இருப்பாங்க. ஆமான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்.

— உக்காருக்கா.

— வாடா, நேரமாகுது.

— உக்காரு. மூணு வருஷமா சாமிகிட்ட கேட்டேன். டாக்டருங்ககிட்ட கேட்டேன். லிஸ்ட் எழுதறவன் கால்ல விழுந்து கேட்டேன். உன்கிட்ட... நான்கூட உன்கிட்ட கேக்கவே இல்லையேக்கா.